தலையை எண்ணிப் பிரித்த ஆட்டம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மதியின் பள்ளி வாலிபாலில் கோப்பை வாங்கியது. சாத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு நான் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு நேற்று அவளே கூப்பிட்டாள். "ஏன்டி, பிள்ளை கப்பு வாங்கியிருக்கு, ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா உனக்கு? போட்டோவை அனுப்பு, இங்கிட்டு எல்லாருக்கும் காட்டணும்" என்றாள். அனுப்புகிறேன் என்றேன். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை அனுப்பவில்லை.

கடல் கடந்து போனவர்களைத்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். ரயிலில் ஏறி ஹைதராபாத்தில் இறங்கியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. வந்த புதிதில் போர்டு படிக்கத் தெரியாமல் எத்தனையோ பஸ்ஸை விட்டவள் நான். மேலதிகாரியைத் தெலுங்கில் "நுவ்வு" என்று ஒருமையில் கூப்பிட்டதில், அந்த நாள் முழுக்க ஆபீஸே சிரித்தது. பெற்ற பிள்ளை, நான் தமிழில் கேட்பதற்குத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே வாலிபால்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. முழங்கால் போகிற வரை ஆடினேன். அதற்குப் பிறகு ஃபைல் பார்க்கிறேன். ஃபைல் பார்க்கிறவர்களுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்துவிட்டது. எதையும் ஓர் எண்ணுக்குள் அடக்கிவிட்டால் நியாயம் செய்தாகிவிட்டது என்று ஒரு நிம்மதி. அந்த வியாதி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2

சங்கராந்தி முடிந்த கையோடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பள்ளி மாணவிகளுக்கு ஒரு வாலிபால் போட்டி வருஷா வருஷம் நடக்கும். எங்கள் ஆபீஸ்காரர்களும் குவார்ட்டர்ஸ்காரர்களும் சேர்ந்து நடத்துவது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். கமிட்டியில் பேருக்கு மூன்று பேர். தலைவர் பரிசு கொடுக்க மட்டும் வருவார். மீதி இரண்டு பேர் நானும் வரதன் அண்ணாவும்.

வரதன் அண்ணாவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், இந்த வட்டாரத்தில் முதல் தர நடுவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் அதில் பாதி தக்காணி உருது. வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு. முதல் தடவை கேட்டபோது இவர் தமிழர்தானா என்று சந்தேகப்பட்டேன். இப்போது எனக்கே அது தொற்றிக்கொண்டுவிட்டது.

போன வருஷம் வரை எல்லாப் பள்ளியையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்குவோம். அதில் மெட்டுகுடாவின் சின்னப் பள்ளி ஒன்று, எடுத்த எடுப்பில் ஒரு பெரிய பள்ளியிடம் மாட்டி, இரண்டு செட்டிலும் ஐந்து பாயிண்ட்டைத் தாண்டவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே போனார்கள். அவர்களுடைய பி.டி. டீச்சர் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் நாங்க வரலை மேடம், இதுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து அடி வாங்க வைக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அதனால் இந்த வருஷம் ஏ, பி என்று இரண்டு பிரிவாகப் பிரிப்பது என்று முடிவு செய்தோம்.

எப்படிப் பிரிப்பது? வரதன் அண்ணா ஒரே வரியில் சொன்னார்: "ஜெயிச்சவன மேல ஏத்து, தோத்தவன கீழ எறக்கு. அவ்ளோதாம்மா."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட டீம் என்பது வருஷா வருஷம் மாறுவது. போன வருஷம் ஜெயித்த பத்தாவது பிள்ளைகள் இந்த வருஷம் இல்லை. அக்காக்கள் ஜெயித்ததற்குத் தங்கைகளைக் கொண்டுபோய் மேலே மாட்டிவிடுவது என்ன நியாயம் என்றேன். எட்டாவது முதல் பத்தாவது வரை எத்தனை பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஹெட்மாஸ்டர் சீல் வைத்துக் கடிதம் வாங்குவோம். பிள்ளைகள் அதிகம் இருந்தால் ஆள் தேர்ந்தெடுக்க வசதி, அது பெரிய பள்ளி, ஏ. குறைவாக இருந்தால் சின்னப் பள்ளி, பி. தலையை எண்ணுகிறோம், இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்றேன். வரதன் அண்ணாவுக்குப் பாதி மனசுதான். ஆனாலும் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவள் சொல்கிறாளே என்று தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதல் ஞாயிறு வெள்ளோட்டம், எல்லாப் பள்ளியும் ஒரு நட்பு ஆட்டம் ஆட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை கூடி, பிரிவில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மாற்றம் இல்லை.

கடிதங்கள் வந்தன. வரிசைப்படுத்திப் பாதியில் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே முதல் ஆளாக நின்றது மதியின் பள்ளி.

மதி படிப்பது கச்சிபௌலியில். என் கணவருக்கு அங்கே ஐ.டி. வேலை, வீடும் அங்கேதான், பள்ளியும் பக்கத்திலேயே. வகுப்புக்கு இத்தனை பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்பதையே பெருமையாக போர்டில் எழுதி வைத்திருக்கிற பள்ளி. உள்ளேயே மரத் தரை போட்ட கோர்ட் இருக்கிறது. சர்வீஸுக்கு ஒரு கோச், மற்றதற்கு ஒரு கோச். என் கணக்கில் அது சின்னப் பள்ளி!

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்டால், இல்லை. தெரியாமல் செய்தாயா என்றால், அதுவும் இல்லை. கோடு போட்டதும் என் பெண்ணின் பள்ளி எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. இடுகிறவள் தன்னவளானால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்று ஊரில் சொல்வார்கள். இங்கே இடுகிறவள் பெற்ற அம்மாவாகவே இருந்தேன்.

3

மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என்னை அறுக்கிறது.

சாத்தூரில் நான் படித்த பெண்கள் பள்ளி எங்கள் வட்டாரத்திலேயே பெரியது. பிரேயருக்கு நின்றால் மைதானம் கொள்ளாது. தலையை எண்ணினால் நாங்கள் எல்லா வருஷமும் ஏ பிரிவில்தான் இருந்திருப்போம். ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் அந்தக் கூட்டம் எங்கே போனது என்று தெரியாது. பாதிப் பேர் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்க வீட்டுக்கு ஓடுவார்கள். சட்டத்தில் குச்சியை வரிசையாக அடுக்கிக் கொடுப்பதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். மீதிப் பேரில் பெரிய மனுஷி ஆனவர்களை வீட்டில் ஆட விட மாட்டார்கள். கடைசியில் நெட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்க ஆள் தேறாது. நாங்கள் எட்டுப் பேர். இரண்டு பக்கமும் நாலு நாலு பேராக நின்று ஆடித்தான் பழகினோம். என் அக்கா என்னைவிட நன்றாக ஆடுவாள். அவளும் ஒன்பதாவதோடு கட்டை அடுக்கப் போனவள்தான்.

மாவட்டப் போட்டிக்குப் போனால் விருதுநகரிலிருந்து ஒரு சின்ன கான்வென்ட் வரும். எங்களில் பத்தில் ஒரு பங்கு பிள்ளைகள் கூட அங்கே கிடையாது. ஷூவும் முழங்கால் பட்டையுமாக இறங்கி எங்களை ஊதித் தள்ளிவிட்டுப் போவார்கள். இத்தனை பெரிய பள்ளியில் ஆறு பேரை ஒழுங்காகத் தயார் பண்ண முடியாதா என்று பரிசு கொடுக்க வந்தவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். அவரை எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த மனுஷன் இடத்தில் நான் உட்கார்ந்து, அவர் கேட்டதையே விதியாக எழுதி வைத்திருக்கிறேன்.

4

வெள்ளோட்டம் நடந்த ஞாயிறு மல்லாபூரில் இருந்து ஒரு பள்ளி வந்தது. பக்கத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளி. என் பட்டியலில் மேலே இருந்து இரண்டாவது. ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஏழு பேரும் ஒரு வாத்தியாரும். மீதி டீம் அடுத்த ஆட்டோவில் வருகிறதா என்று கேட்டேன். "இதான் மேடம் டீம்" என்றார் யாதகிரி சார். அவர் கணக்கு வாத்தியார். பி.டி. வாத்தியார் இடம் காலியாக இருப்பதால் இதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

அந்த ஏழு பேரில் நாகமணி என்றொரு பெண். பத்தாவது படிக்கிறாள். செட்டர், அதாவது அடிக்கிறவளுக்கு வாகாகப் பந்தை ஏற்றிக் கொடுக்கிறவள். நானும் செட்டர்தான். அதனால் சொல்கிறேன், அவள் கையில் பந்து நின்று, யோசித்து, பிறகு போகிற மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட கையைப் பார்த்து எனக்குப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் பெரிய பிரிவின் நல்ல டீம் ஒன்றிடம் கடைசி வரை இழுத்துப் பிடித்துத் தோற்றார்கள். மாற்று ஆள் இல்லாமல் மூன்றாவது செட்டில் மூச்சு வாங்கியது.

அதே நேரம் பக்கத்துக் கோர்ட்டில் மதியின் பள்ளி. எதிரே, போன வருஷம் அழுதுகொண்டே போன அதே மெட்டுகுடா சின்னப் பள்ளி. யாருக்காக இந்தப் பிரிவினையையே செய்தோமோ அவர்களேதான். இந்தத் தடவையும் ஐந்து பாயிண்ட்டைத் தாண்டவில்லை. மதியின் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே இன்னொரு டீமுக்குப் போதும். ஆட்டம் முடிந்ததும் வரதன் அண்ணா விசிலைக் கழுத்திலிருந்து எடுத்தபடி என் பக்கம் வந்தார்.

"இன்னாம்மா, இது சின்ன ஸ்கூலா?"

"எண்ணிக்கை அப்படித்தான் வருதுண்ணா."

"எண்ணிக்க கீது, ஹவ். கண்ணும் கீதுல்ல?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியும் இறுதி ஆட்டமும் பார்க்க ஒரு விளையாட்டு விடுதியில் இருந்து ஆள் வருவார்கள். இரண்டு பிரிவிலும் அரையிறுதிக்கு வருகிற டீம்களில் இருந்து சில பிள்ளைகளை ட்ரையலுக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேறினால் அங்கேயே தங்கி, இன்டர் படித்துக்கொண்டே ஆடலாம். நம் ஊர் ப்ளஸ் டூவைத்தான் இங்கே இன்டர் என்பார்கள். மற்றபடி இந்த ஊரில் பத்தாவதோடு விளையாட்டு முடிந்தது. இன்டர் காலேஜ் பலதும் மாடிக் கட்டடத்தில் இரண்டு தளம், மைதானமே கிடையாது. நாகமணிக்கு அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு வழி இல்லை. ஏ பிரிவில் ஏழு பேரை வைத்துக்கொண்டு அவள் அதுவரை வரவே முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

5

அந்த வாரம் ஆபீஸ் விட்டதும் மல்லாபூருக்குப் போனேன். நான் போய்ச் சேரவும் பள்ளி விடவும் சரியாக இருந்தது. அத்தனை பிள்ளைகளும் கேட்டில் நெருக்கியடித்து வெளியேறின. கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் நாகமணியும் ஆறு பேரும் மட்டும் நின்றார்கள். அம்மாமார் ஷிஃப்டுக்குப் போகிற நேரம், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார் யாதகிரி சார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

தெலுங்கில் பேசியதை நம் தமிழில் எழுதுகிறேன். உங்கள் பள்ளியை பி பிரிவுக்கு மாற்றலாம் என்று நினைக்கிறோம், சம்மதமா என்று கேட்டேன். பிள்ளைகளும் சுற்றி நின்றிருந்தார்கள். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாருக்கும் அளவை மாத்தினா சரி மேடம். எங்களை மட்டும் இறக்கினா அது பிச்சை போடுற மாதிரி."

நாகமணி நேராகவே கேட்டாள்: "நாங்க என்ன மேடம் தப்பு பண்ணோம்?"

"தப்பு எதுவும் இல்லம்மா. நீங்க கொஞ்சம் பேர்தான் இருக்கீங்க, அதான்."

"அந்தக் கச்சிபௌலி ஸ்கூல் மேல போகுமா மேடம்? அவங்க மேல போனா நாங்க கீழ வரோம். அவங்களும் கீழ, நாங்களும் கீழன்னா வேண்டாம். அவங்களை சின்ன ஸ்கூல்னு சொல்லி எங்களையும் சின்ன ஸ்கூல்னு சொன்னா, ஊர்ல எது மேடம் பெரிய ஸ்கூல்?"

அவளுக்கு அது என் மகளின் பள்ளி என்று தெரியாது. பார்க்கிறேன் என்று சொன்னேன். மேடம் பார்ப்பதாகச் சொன்னால் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் தலையை ஆட்டிவிட்டு ஆடப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மதியிடம் பேச்சைத் தொடங்கினேன். படிக்கிற ஆளை எண்ணாமல் பெஞ்சில் உட்காரும் மாற்று ஆளை எண்ணிப் பிரிக்கலாமா என்று யோசிக்கிறோம், அப்படிப் பிரித்தால் உங்கள் பள்ளி ஏ-க்குப் போகும் என்றேன். சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஏ-லோ மேமு செமீஸ்கி கூடா வெள்ளலேமு."

ஏ-யில் அரையிறுதிக்குக் கூடப் போக மாட்டோம் என்கிறாள். அதுவும் உண்மைதான். ஏ பிரிவில் இருந்த இரண்டு மூன்று பள்ளிகள் நிஜமாகவே பெரிய ஆள்கள்.

"அதுனால என்னடி? தோத்தாத் தோத்துட்டுப் போங்க. சமமா இருக்கிறவங்ககூட ஆடுறதுதானே ஆட்டம்?"

"ஈஸி ஃபார் யூ டு ஸே." பிறகு குரல் இறங்கியது. அவளுக்கு ரொம்ப வேண்டியதாக இருந்தால்தான் தமிழ் வரும். "ஒரே ஒரு கப் அம்மா. ஏப்ரல்ல இருந்து கோச்சிங். அப்புறம் நான் ஆடப் போறதில்லல்ல?"

இன்டரோடு சேர்ந்த அந்தக் கோச்சிங்கில் அவளைச் சேர்த்தது நாங்கள்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அதற்குக் கையெழுத்துப் போட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒரு கப்புதானே கேட்கிறது குழந்தை என்று என் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் சாய்ந்தது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மெட்டுகுடாவில் வரதன் அண்ணா வீட்டில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நாங்கள் இரண்டு பேரும் டீயும்தான்.

"மல்லாபூர் இன்னா சொல்றாங்க?"

"பி நக்கோன்னுட்டாங்கண்ணா."

"ஹவ்வா? மானஸ்தனுங்க." டீயை ஊதிக் குடித்தார். "உன் பொண்ணு ஸ்கூலு? அத மேல ஏத்திடலாமா?"

அவர் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நாகமணி சொன்ன மீதிப் பாதியை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் மேலே போனால் நாங்கள் கீழே வருகிறோம் என்ற அந்த ஒரு வரிதான். சொல்லியிருந்தால் இரண்டு பள்ளியையும் இடம் மாற்றி வைத்துவிட்டு அவர் அடுத்த டீக்குச் சொல்லியிருப்பார்.

"ஒண்ணை மாத்துனா எல்லாத்தையும் மாத்தணும்ணா. எண்ணிக்கைன்னு எல்லாருக்கும் கடுதாசி போட்டாச்சு" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரிம்மா. நீ சொன்னா சரி. கைக்கு வம்பு?" என்றார்.

6

மல்லாபூர் நான் நினைத்ததைவிட நன்றாக ஆடியது. இரண்டாவது ஞாயிறு ஓர் ஆட்டம் ஜெயித்து ஓர் ஆட்டம் தோற்றார்கள். மூன்றாவது ஞாயிறு ஜெயித்தால் அரையிறுதி. அன்றைக்கு ஆட்டோவில் இருந்து ஆறு பேர்தான் இறங்கினார்கள். ஏழாவது பெண்ணின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

நான் ஸ்கோர் எழுதுகிற மேஜையில் இருந்தேன். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் மல்லாபூர் இரண்டு பாயிண்ட் முன்னால் நின்றது. நாகமணி எதிராளியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் பந்தை ஏற்றிக் கொடுத்தாள். அடித்த பெண் பாயிண்ட்டை எடுத்துவிட்டு, இறங்கும்போது எதிராளியின் கால்மேல் இறங்கினாள். கணுக்கால் திரும்பிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார வைத்தார்கள். வரதன் அண்ணா விதியில் எவ்வளவு நேரம் தர முடியுமோ அவ்வளவும் தந்தார். அந்தப் பெண் எழுந்து ஒரு காலை ஊன்றிப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு பேர் ஆடட்டுமே சார்" என்று யாதகிரி சார் கெஞ்சினார். எதிர் டீம் கோச் கூட, ஆடட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வரதன் அண்ணா முடியாது என்று தலையை அசைத்தார். கோர்ட்டில் ஆறு பேர் இல்லாத டீம் ஆட முடியாது. அது உலகத்துக்கே உள்ள விதி, அவர் போட்டதும் இல்லை, நான் போட்டதும் இல்லை. விசில் ஊதினார். முன்னால் நின்ற டீம் தோற்றதாக நான் எழுதினேன். பிரேயருக்கு மைதானம் கொள்ளாத பள்ளிக்கு ஏழாவது ஆள் இல்லை.

பக்கத்துக் கோர்ட்டில் மதியின் பள்ளி, முன்னாலேயே ஜெயித்துவிட்ட ஆட்டத்தில், பெஞ்சில் இருந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கொடுக்கலாம் என்று ஒவ்வொருவராக மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது நாகமணி மேஜைக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை. "கடைசி ஞாயிறு பார்க்க வரலாமா மேடம், டிக்கெட் எதுவும் இருக்கா?" என்று கேட்டாள். டிக்கெட் எல்லாம் இல்லை, வா என்றேன். அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் மதி காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

7

கடைசி ஞாயிறு மதியின் பள்ளி பி பிரிவில் எல்லோரையும் துடைத்துவிட்டுக் கோப்பை வாங்கியது. தலைவர் வந்து, சின்னப் பள்ளிகளும் சாதிக்கலாம் என்பதற்கு இவர்களே சாட்சி என்று மைக்கில் பேசினார். வரதன் அண்ணா அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதியில் இருந்து வந்திருந்த அம்மாள் சில பேர்களைப் படித்தார். அதில் மதியின் பெயரும் இருந்தது. நான் அவரிடம் ஓடினேன். அதோ வேலி ஓரமாக நிற்கிறாளே அந்தப் பெண், நல்ல செட்டர், ஐந்து நிமிஷம் பந்து போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் நல்ல மாதிரிதான். எட்டி ஒரு தடவை பார்த்தார்.

"செமீஸ் வந்த டீம்ல இருந்து மட்டும்னு உங்க கமிட்டி கூடத்தான் பேசி வெச்சிருக்கோம் மேடம். ஒருத்தரைப் பார்த்தா மத்த ஸ்கூலுக்கு என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அது நான் பேசக்கூடிய பேச்சுதான். நான் பேசிய பேச்சும் கூட.

திரும்பி வந்தபோது நாகமணி மதியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் ஸ்மாஷ் நன்றாக இருக்கிறது, ஆனால் பந்துக்குக் கொஞ்சம் முந்திக் குதிக்கிறாய் என்று நாகமணி சொல்ல, மதி சிரித்தாள். பிறகு என்னைக் காட்டி, எங்க அம்மா என்றாள். நாகமணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கச்சிபௌலி ஸ்கூல் மேலே போகுமா என்று அவள் என்னிடம் கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்கும். ஆனாலும் "ட்ரையல் எப்போ?" என்று மதியைக் கேட்டாள்.

"நான் போகலை."

"ஏன்?"

"இன்டர் கோச்சிங் இருக்கு. இனிமே ஆடப் போறதில்ல."

நாகமணியின் முகம் அப்படியே மாறிவிட்டது. தன் ஆட்டம் விசிலோடு போன அன்றைக்குக் கூட அவள் முகம் இப்படி ஆகி நான் பார்க்கவில்லை. மதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ. வீட்டுல விட மாட்டேங்கிறாங்களா?"

மதி என்னைப் பார்த்தாள். நாகமணியும் என் பக்கம் திரும்பினாள்.

"விடுங்க மேடம். எங்க டீம்ல ஒருத்தியையும் வீட்டுல விடல. நான்தான் ஒவ்வொரு வீடாப் போய் உக்காந்து அவங்க அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுக் கூட்டிட்டு வந்தேன். உங்க வீட்டுக்கும் வரேன், இவங்க அப்பாகிட்டயும் கேக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாபூர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதோ வருகிறேன் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, "கச்சிபௌலியில எங்க மேடம் உங்க வீடு?" என்று கேட்டாள்.